விற்பனைக்கு: யாஷிகா மேட் 124ஜி, இரட்டை லென்ஸ் கேமரா, நன்கு உழைத்தது (கும்பகோணம்)

பதிவு 1 · கும்பகோணத்தான்

என் தந்தையார் கும்பகோணத்தில் நடத்திவந்த ஸ்டுடியோவில் 1979 முதல் 1997 வரை உழைத்த யாஷிகா மேட் 124ஜி கேமராவை விற்பதாக இருக்கிறேன். அழகுக்காக அலமாரியில் வைத்திருந்த பொருள் அன்று. கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூடக் குழுப்படம் என்று வாரம் தவறாமல் வெளியே போய்வந்தது; அதன் தழும்புகள் எல்லாம் உடம்பில் இருக்கின்றன. ஃபிலிம் சுற்றும் கைப்பிடியைச் சுற்றிக் கறுப்புப் பூச்சு தேய்ந்து உலோகம் தெரிகிறது. அடிப்பாகத்தின் ஒரு மூலையில் நெளிவு உண்டு. மேல்மூடியின் இடப்பக்கத் தகடு தானாக நிமிராது, விரலால் தூக்கிவிட வேண்டும். உள்ளே இருக்கும் பூதக்கண்ணாடி நன்றாக இருக்கிறது.

படம் எடுக்கும் லென்ஸ், அதாவது கீழே உள்ள 80 மிமீ எஃப் 3.5 யாஷினான், சில தூசிகளைத் தவிரத் தெளிவாக உள்ளது. மேலே உள்ள எஃப் 2.8 பார்வை லென்ஸில் பூஞ்சை பிடித்து 1991இல் வெளியூரில் ஒருவரிடம் கொடுத்துத் துடைத்து வாங்கியதாக அப்பா சொல்கிறார். ஷட்டர் எல்லா வேகத்திலும் இயங்குகிறது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் அசையவில்லை, பேட்டரி இல்லை. தோல் உறை, லென்ஸ் மூடி, ஒரு ஹூட் ஆகியவற்றுடன், ஃபிலிம் ஏற்றத் தேவையான காலி ஸ்பூல் ஒன்றும் உள்ளேயே இருக்கிறது; அது ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் செய்த ‘இந்து’ ரோலில் இருந்து மிஞ்சியது. விலை 22,000 ரூபாய்.

பதிவு 2 · சிக்கனம்

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். “ஷட்டர் எல்லா வேகத்திலும் இயங்குகிறது” என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்? காதால் கேட்டா? இங்கே விற்பனைக்கு வரும் பழைய கேமராக்களில் பாதி “வேலை செய்கிறது” என்ற ஒரு வார்த்தையில்தான் விலைபோகின்றன. வாங்கியவர் முதல் ரோலைக் கழுவிப் பார்க்கும்போது விற்றவர் அலைபேசியை எடுப்பதில்லை. ரோல் போட்டுப் பார்த்த கேமராவுக்கு ஒரு விலை, போடாததற்கு வேறு விலை. இது போடாத கேமரா, 22,000 அதிகம்.

பதிவு 3 · இருட்டறை

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேமரா பழுதுபார்த்தவன் என்ற முறையில் மூன்று சோதனைகளைச் சொல்கிறேன். ஒன்றுக்கும் ரோல் செலவில்லை.

ஷட்டரை அலைபேசியின் மெது இயக்க வீடியோவில் பிடியுங்கள். பின்கதவைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கி லென்ஸைக் காட்டி, பின்னாலிருந்து நொடிக்கு 240 சட்டகம் என்ற கணக்கில் பதிவு செய்தால், ஒரு நொடி வேகத்துக்கு 240 சட்டகங்களில் வெளிச்சம் தெரிய வேண்டும்; முப்பதில் ஒரு பங்குக்கு எட்டு. ஐந்நூறில் ஒரு பங்கை இந்த வழியில் அளக்க முடியாது, ஆனால் கெட்டுப்போகும் ஷட்டர் முதலில் மெதுவான வேகங்களில்தான் தடுமாறும். தானியங்கி டைமர் நெம்புகோலை மட்டும் தொட வேண்டாம். இந்த வயதில் அது பாதியில் நின்றால் ஷட்டரையும் சேர்த்து நிறுத்திவிடும்.

அடுத்து, இருட்டு அறையில் கையடக்க டார்ச்சை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். பூஞ்சை இருந்தால் சிலந்தி நூல்போலக் கிளை விட்டிருக்கும். மொத்தமாகப் பால்போல் மங்கியிருந்தால் அது எண்ணெய்ப் படலம். பார்வை லென்ஸில் உள்ள பூஞ்சை படத்தில் விழாது, ஆனால் திரையை மங்கவைக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பார்வை லென்ஸைக் கழற்றித் துடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இரட்டை லென்ஸ் கேமராவின் உயிரே மேலே காண்பதும் கீழே பதிவதும் ஒரே தொலைவில் ஃபோகஸ் ஆவதில் இருக்கிறது. புகைப்படச் சட்டத்துக்குப் போடும் கண்ணாடியில் ஒரு துண்டு வெட்டி, அதன் ஒரு முகத்தில் பளபளப்பில்லாத ஒட்டுநாடாவை ஒட்டி, அந்த முகம் லென்ஸைப் பார்க்கும்படி ஃபிலிம் ஓடும் உள்தண்டவாளத்தின் மேல் வையுங்கள். வெறும் டிரேசிங் தாள் வேண்டாம், அது வயிறு தள்ளி நிற்கும். நாம் தேடுவது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குப் பிழையை. ஷட்டரை ‘பி’யில் (அழுத்திப் பிடிக்கும் வரை திறந்திருக்கும் நிலை) திறந்து நிறுத்தி, அப்பர்ச்சரை (ஒளி புகும் துளை; எஃப் எண் குறைந்தால் துளை பெரிது) முழுதாகத் திறந்து, தூரத்துக் கோபுரம் ஒன்றை மேல் திரையிலும் இந்தக் கண்ணாடியிலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதிவு 4 · கும்பகோணத்தான்

ஐயா சொன்னபடி ஷட்டரைப் பதிவு செய்தேன். முதல் முறை ஒரு நொடி வேகத்துக்கு 240க்குப் பதில் 331 சட்டகம் வந்தது. பத்துப் பதினைந்து முறை அடித்த பிறகு 262க்கு இறங்கியது. அறுபதில் ஒரு பங்குக்கு நான்கு சட்டகம் சரியாக வருகிறது. “எல்லா வேகத்திலும் இயங்குகிறது” என்று நான் எழுதியது காதால் கேட்டு எழுதியதுதான்; சிக்கனம் அவர்களிடம் ஒப்புக்கொள்கிறேன். டார்ச் அடித்ததில் கீழ் லென்ஸில் நூல் எதுவும் இல்லை. மேல் லென்ஸில் பழைய பூஞ்சை இருந்த இடத்தில் பூச்சு அரித்த தடம் மட்டும் தெரிகிறது.

கண்ணாடிச் சோதனையை ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் செய்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து சாரங்கபாணி கோயில் ராஜகோபுரம் தெரியும்.

பதிவு 5 · வெளிச்சமானி

வணக்கம். நான் தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கிறேன்; முதல் மீடியம் ஃபார்மட் (35 மிமீயைவிடப் பெரிய ஃபிலிம்) கேமராவாக இதை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ரோலில் 12 படம்தான். ரோல், கழுவுதல், ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஒரு படத்துக்கு நூறு ரூபாயைத் தாண்டுகிறது. அதனால் கேமராவே தவறு செய்யும் என்றால் எனக்குக் கட்டுப்படியாகாது. மீட்டர் இல்லாமல் சமாளிக்க முடியுமா? பேட்டரி போட்டால் உயிர் வருமா?

பதிவு 6 · இருட்டறை

வரலாம். ஆனால் அதை நம்ப வேண்டாம். இந்த மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. பாதரசத்தின் நச்சுத்தன்மையால் அந்த பேட்டரி சந்தையிலிருந்து போய்விட்டது. அதே அளவில் கிடைக்கும் அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கிப் பயன்படப் பயன்பட இறங்கிக்கொண்டே போவதால், மீட்டர் இன்றைக்கு ஒன்று சொல்லும், அடுத்த மாதம் வேறொன்று சொல்லும். காது கேட்கும் கருவியில் போடும் துத்தநாகக் காற்று பேட்டரி 1.4 வோல்ட், அது பரவாயில்லை, ஆனால் சில வாரங்களில் தீர்ந்துவிடும். அலைபேசிச் செயலி போதும். அதுவும் இல்லாவிட்டால், நல்ல வெயிலில் அப்பர்ச்சர் 16, ஷட்டர் வேகம் நொடியில் ஃபிலிமின் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) எண்ணில் ஒரு பங்குக்கு அருகில். நம் ஊர் வெயிலுக்குப் பாதி நாள் இது ஒன்றே போதுமானது. இந்தக் கேமராவின் ஷட்டர் பேட்டரி இல்லாமல் இயந்திரத்தாலேயே ஓடுவது, மீட்டர் முள்ளைப் பார்த்து அளவுகளை வைப்பதும் நாம்தான் என்பதால், மீட்டர் செத்திருப்பது படத்தை எந்த வகையிலும் பாதிக்காது.

பதிவு 7 · ரோலை_பித்தன்

இந்த விலைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ரோலைஃப்ளெக்ஸ் நிறுவனமே செய்த ரோலைகார்ட் ஒன்று கிடைக்குமே? யாஷிகா என்ன இருந்தாலும் ரோலைஃப்ளெக்ஸைப் பார்த்துச் செய்ததுதானே. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா போன்றவர்கள் கையில் இருந்தது ரோலைஃப்ளெக்ஸ் என்பதை மறந்துவிட வேண்டாம்.

பதிவு 8 · சிக்கனம்

ரோலை அன்பரே, இந்த இழையில் விற்பனைக்கு இருப்பது யாஷிகா. நாற்பது ஆண்டு கவனிப்பில்லாத ரோலைகார்டைவிட, அளந்து பார்த்த யாஷிகா மேல். பிந்தைய ரோலைகார்டிலும் யாஷிகாவிலும் நான்கு கண்ணாடிகள் கொண்ட டெசார் வகை லென்ஸ்தான். எஃப் 8இல் எடுத்த இரண்டு நெகட்டிவ்களைக் கலந்து வைத்தால் எது எதில் எடுத்தது என்று நீங்களே சொல்லத் திணறுவீர்கள்.

பதிவு 9 · கும்பகோணத்தான்

ஞாயிற்றுக்கிழமைச் சோதனையின் முடிவை அப்படியே எழுதுகிறேன். கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஃபோகஸ் குமிழை முடிவிலிக் குறியில் நிற்கும் வரை திருப்பினேன். தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பின்னால் உள்ள கண்ணாடியைப் பார்த்தபோது, கோபுரம் தலைகீழாக, ஒவ்வொரு நிலையின் வாசலும் தனித்தனியாகத் தெரியும் அளவுக்குக் கூர்மையாக இருந்தது. பிறகு மேல்மூடியில் பூதக்கண்ணாடியை நிமிர்த்தி அதன் வழியே திரையைப் பார்த்தேன். அதில் கோபுரம் மசமசவென்று இருக்கிறது. குமிழ் அதற்கு மேல் திரும்ப இடமில்லை. அதே நிலையில், இரண்டு வீடு தள்ளி இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் குழாய் திரையில் கத்திபோலத் தெரிகிறது. அது மாடியிலிருந்து சுமார் இருபது மீட்டர் தொலைவு.

ஃபிலிமை அழுத்தும் தட்டு 220 ரோலுக்கான (24 படம்) நிலையில் மாட்டியிருக்குமோ என்று முதலில் சந்தேகப்பட்டுப் பார்த்தேன். 12 படத்துக்கான நிலையில்தான் இருந்தது. மேலும், சோதனையில் அந்தத் தட்டுக்கு வேலையே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

பதிவு 10 · இருட்டறை

மிகத் தெளிவாகப் பார்த்திருக்கிறீர்கள். படம் எடுக்கும் லென்ஸ் சரியான இடத்தில் இருக்கிறது. பார்வை லென்ஸ் அதன் திருகில் முழுதாக உட்காராமல் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவு வெளியே நிற்கிறது. 80 மிமீ லென்ஸில் அவ்வளவு விலகல் இருந்தால் முடிவிலிக்குப் பதில் சுமார் இருபது மீட்டர்தான் திரையில் கூர்மையாகும். உங்கள் தண்ணீர்க் குழாய் அதைத்தான் சொல்கிறது. துடைத்தவர் மீண்டும் பூட்டும்போது இரண்டு லென்ஸையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

இதன் விளைவு எங்கே தெரியும் என்றால், ஒன்றரை மீட்டரில் ஒருவர் முகத்தை எடுக்கும்போது. திரையில் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் ஃபிலிமில் அதற்கு எட்டு, பத்து சென்டிமீட்டர் பின்னால், அதாவது காதில் போய் விழும். எஃப் 3.5, 4இல் எடுத்தால் கண் மங்கிக் காதும் முடியும் கூர்மையாக இருக்கும். மூன்று மீட்டர் தள்ளி நின்று, ஃபிளாஷ் போட்டு எஃப் 8, 11இல் எடுக்கும் கல்யாணப் படத்தில் இது தெரியவே தெரியாது, புலத்தின் ஆழம், அதாவது முன்னும் பின்னும் கூர்மையாக விழும் தொலைவு, அதை மூடிவிடும். உங்களிடம் பழைய நெகட்டிவ் இருந்தால் 1991க்கு முன்னும் பின்னும் எடுத்த குழந்தைப் படங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதிவு 11 · கும்பகோணத்தான்

பார்த்தேன். அப்பா நெகட்டிவ்களை ஆண்டுவாரியாகக் காகித உறையில் போட்டு வைத்திருக்கிறார். 1988, 1989 உறைகளில் ஸ்டுடியோ ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த குழந்தைப் படங்களில் இமைமுடியை எண்ணலாம். 1992 உறையில் ஒரு குழந்தை. நெற்றிப் பொட்டு கரைந்து நிற்கிறது, காதுக்குப் பின்னால் வைத்த திருஷ்டிப் பொட்டின் ஓரம் சுத்தமாக இருக்கிறது. அடுத்தடுத்த உறைகளிலும் அதே கதை. கல்யாணப் படங்களில் ஒரு குறையும் இல்லை.

இதை இங்கே எழுத வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். அந்த ஆண்டுகளில் அப்பா தன் கண் போய்விட்டது என்று நினைத்திருந்தார். திரையில் தூரத்துப் பொருள் தெளியவில்லை, தனிப்படங்கள் மங்கலாக வருகின்றன என்று இரண்டு முறை மூக்குக்கண்ணாடி மாற்றினார். பிறகு தனிப்படம் எடுப்பதை உதவியாளரிடம் விட்டுவிட்டு 35 மிமீ கேமராவுக்கு மாறினார். இப்போது அவருக்கு 78 வயது. கண்ணாடித் துண்டையும் தண்ணீர்க் குழாயையும் அவருக்குக் காட்டி விளக்கினேன். வெகுநேரம் திரையைப் பார்த்துவிட்டு, “அப்படியென்றால் அந்த இரண்டு கண்ணாடிக்கும் கொடுத்த காசு தண்டமா?” என்று மட்டும் கேட்டார்.

பதிவு 12 · சிக்கனம்

பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இப்போது விலைக்கு வருவோம். மெதுவாக ஓடும் ஷட்டரில் இறுகிய பழைய எண்ணெயை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும், பார்வை லென்ஸைச் சரிசெய்ய வேண்டும், மீட்டர் இல்லை. இரண்டு வேலையையும் முடித்துவிட்டு 22,000 கேளுங்கள், அல்லது உள்ளது உள்ளபடி 14,000க்குக் கொடுங்கள். முதல் பதிவையும் திருத்திவிடுங்கள். இழை முழுவதையும் படிக்காமல் முதல் பதிவை மட்டும் பார்த்துப் பணம் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

பதிவு 13 · இருட்டறை

விற்பதற்கு முன் அவசரமாகச் செய்யும் பழுதுபார்ப்பை நான் ஆதரிப்பதில்லை. விற்கிறவருக்கு அது சீக்கிரமாகவும் மலிவாகவும் முடிய வேண்டும். வாங்குகிறவருக்குத்தான் அது நிலைக்க வேண்டும். ஷட்டர் தகடுகளின் மேல் லைட்டர் திரவத்தை ஊற்றி இரண்டு நாளைக்கு ஓடவைத்து விற்ற கேமராக்கள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. கரைந்த பழைய எண்ணெய் தகடுகளுக்கு நடுவிலும் லென்ஸின் உட்புறத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே உள்ளபடியே கொடுங்கள், குறையை எழுதிக் கொடுங்கள். 14,000 சற்றுக் குறைவு. படம் எடுக்கும் லென்ஸ் இவ்வளவு சுத்தமாக இருப்பதற்கு 16,000 தரலாம்.

பதிவு 14 · கும்பகோணத்தான்

முதல் பதிவின் கீழே ஷட்டர் எண்ணிக்கை, பார்வை லென்ஸின் விலகல் இரண்டையும் சேர்த்துவிடுகிறேன். விலை 16,000. கூரியரில் அனுப்ப மாட்டேன். நேரில் வந்து பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

பதிவு 15 · வெளிச்சமானி

அண்ணா, நான் எடுத்துக்கொள்கிறேன். குறை என்னவென்று அளவோடு தெரிந்த கேமராவை வாங்குவதில் எனக்குப் பயமில்லை; “வேலை செய்கிறது” என்று மட்டும் எழுதியிருந்தால்தான் தயங்கியிருப்பேன். ஒரு கேள்வி: கீழ் லென்ஸும் குமிழின் தொலைவு அளவுகோலும் சரியாக இருப்பதால், பார்வை லென்ஸைச் சரிசெய்யும் வரை திரையை ஃபிரேம் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, டேப்பால் அளந்து குமிழில் தொலைவு வைத்து எடுக்கலாம் அல்லவா?

பதிவு 16 · இருட்டறை

தாராளமாக எடுக்கலாம் அம்மா, கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஃபிலிம் இருக்கும் தளத்திலிருந்து அளக்க வேண்டும், லென்ஸின் முகத்திலிருந்து அன்று. கிட்டத்தில் எடுக்கும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: பார்வை லென்ஸ் மேலே இருப்பதால் அது காண்பதைவிடக் கீழ் லென்ஸ் சற்றுக் கீழே காண்கிறது. ஒரு மீட்டரில் தலைக்கு மேல் கூடுதலாக இடம் விடாவிட்டால் தலை வெட்டுப்படும்.

தோல் உறையைப் பெருமைக்கு வைத்துக்கொள்ளுங்கள், கேமராவை அதற்குள் வைக்காதீர்கள். காவிரிக் கரை ஈரத்தை அந்தத் தோல் மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். பூஞ்சை முதலில் வந்தது அப்படித்தான் இருக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், வாரம் ஒரு முறை வெளியே எடுத்து ஷட்டரை இருபது முறை அடியுங்கள். நான் திருச்சியில்தான் இருக்கிறேன். முதல் ரோல் முடிந்ததும் கேமராவைக் கொண்டுவாருங்கள், பார்வை லென்ஸைக் கோபுரத்துக்குப் பதிலாக மலைக்கோட்டையைப் பார்த்துப் பூட்டிவிடலாம்.

பதிவு 17 · வெளிச்சமானி

சனிக்கிழமை கும்பகோணம் போய் வாங்கி வந்துவிட்டேன். பெரியவரே ரோலை ஏற்றிக் காட்டினார். காகிதத்தில் உள்ள அம்புக்குறி உள்ளே இருக்கும் சிவப்புப் புள்ளிக்கு நேராக வரும்வரை சுற்றிவிட்டுப் பின்கதவை மூடினார். கைப்பிடியை முன்னால் நிற்கும் வரை சுற்றி, பிறகு பின்னால் திருப்பி நிறுத்தும்போது அவர் கை கேமராவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அவரை ஒரு படம் எடுக்கிறேன் என்று ஒன்றரை மீட்டர் அளந்து, எஃப் 3.5 வைத்தேன். “எட்டில் வையம்மா, முகம் முழுசா வரட்டும்” என்றார். எட்டில்தான் எடுத்தேன்.

ரோல் நேற்றுக் கழுவி வந்தது. ஃபிரேம்களுக்கு இடையே இடைவெளி சீராக இருக்கிறது. பெரியவர் படம் கண்ணிலிருந்து காது வரை தெளிவாக வந்திருக்கிறது. ஆனால் பதினோராவது, பன்னிரண்டாவது படங்களின் ஒரு ஓரம் முழுக்க வெளிச்சம் புகுந்து வெளிறிப்போயிருக்கிறது. பின்கதவு ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா?

பதிவு 18 · இருட்டறை

கதவு கசிந்தால் ரோல் முழுவதும் ஏதாவது ஓர் இடத்தில் கோடு விழுந்திருக்கும். கடைசி இரண்டு படங்களில் மட்டும் என்றால், முடிந்த ரோலை வெளியே எடுக்கும்போது நடந்தது. சுருளின் வெளிப்பக்கத்தில் இருப்பது கடைசியாக எடுத்த படங்கள்தான். எங்கே வைத்து எடுத்தீர்கள்?

பதிவு 19 · வெளிச்சமானி

கும்பகோணம் பேருந்து நிலையத்தில், பகல் பன்னிரண்டு மணிக்கு. எடுத்தபோது சுருள் கொஞ்சம் தளர்ந்து கையில் விரிந்தது.

பதிவு 20 · இருட்டறை

கேமராமேல் குற்றமில்லை. அடுத்த முறை நிழலில் நின்று எடுங்கள், காகிதத்தின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒட்டுத்தாளை நக்கி ஒட்டிய பிறகு கையை எடுங்கள். வரும்போது அந்த நெகட்டிவையும் கொண்டுவாருங்கள்.

பதிவு 21 · கும்பகோணத்தான்

விற்பனை முடிந்தது; தலைப்பில் ‘விற்கப்பட்டது’ என்று மாற்றும்படி நிர்வாகியைக் கேட்டுக்கொள்கிறேன். காலி ஸ்பூலை மட்டும் அப்பா அந்தப் பெண்ணிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு, பதிலுக்கு வேறொரு பிளாஸ்டிக் ஸ்பூலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது. முதல் பதிவில் ‘இந்து’ ஸ்பூல் உண்டு என்று எழுதியிருந்ததற்காக வருந்துகிறேன்.